ரிம் அதே 15 தானே என்று டயர் மாற்றாதீர்கள்

"வளைவில் திரும்பும்போது மட்டும் கர்ர்னு ஒரு சத்தம் வருதுண்ணே" என்று ஒருவர் காரைக் கொண்டுவந்து விட்டார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, முன் டயரின் உட்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் வழவழவென்று தேய்ந்திருந்தது, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரில் கருப்பாக ரப்பர் தூள். வண்டியோடு வந்த அளவு 185/65 ஆர்15, அதாவது அகலம் 185 மி.மீ., ரிம் 15 அங்குலம். மாட்டியிருந்தது 205/65 ஆர்15. மாட்டும்போது சரியாகத்தானே உட்கார்ந்தது என்றார்.

உட்காரும். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டியில் எதுவும் இடிக்காது. நாலு பேர் ஏறி, சஸ்பென்ஷன் அமுங்கி, பள்ளத்தில் இறங்குகிற அதே நேரம் ஸ்டீயரிங்கும் ஒடிந்திருக்கும்போதுதான் இடம் போதாமல் உரசும்.

நிறைய பேர் ஏமாறுவது அந்த 65-இல்தான். அது மில்லிமீட்டர் இல்லை, டயரின் அகலத்தில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம் என்று அர்த்தம். அதனால் அகலத்தைக் கூட்டினால் உயரமும் தானாகக் கூடிவிடும். கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ., புதியது 647. நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். வேகம் காட்டும் மீட்டருக்கோ சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும், ஒரு சுற்றுக்கு வண்டி இப்போது கூடுதல் தூரம் போகிறது என்பது தெரியாது. முன்பு காட்டிய அதே 100-ஐக் காட்டும்போது வண்டி முன்பைவிட 4 கி.மீ. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர்கள் பொதுவாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படிதான் வரும், அந்தப் பாதுகாப்பைத்தான் பெரிய டயர் தின்றுவிடுகிறது. எந்த விளக்கும் எரியாது என்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது, எனக்கு உரசலைவிட இதுதான் பயம். நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது, பக்கத்தில் இருப்பவரை போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும், அதை நம்பி ஆயில் மாற்றினால் அதுவும் தள்ளிப்போகும்.

சரி, அகலம் 205 வேண்டும் என்றால்? 205/60 ஆர்15 போட்டால் உயரம் 627 மி.மீ., ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. அப்போதும் உங்கள் ரிம்மின் அகலம் அந்த டயருக்கு ஏற்றதா, வண்டிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் கவனியுங்கள், 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 தான். கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அப்புறம் அவருடைய டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி இன்னும் பழைய 185/65 தான். முன்பக்கம் பஞ்சராகி அதை மாட்டியிருந்தால் இடது வலது சக்கரங்களுக்குள் 26 மி.மீ. வித்தியாசம், நேராகப் போகும்போதே இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் அந்தத் தப்பான கணக்குதான் போகும்.