தங்கல் வரியா, சுற்றுலா வரியா?

ஆங்கிலச் செய்தியில் 'டூரிஸ்ட் டாக்ஸ்' என்று கண்ணில் பட்டதும் மொழிபெயர்ப்பவர்கள் 'சுற்றுலா வரி' என்று எழுதிவிடுகிறார்கள். இத்தாலியின் வெனிஸ் நகரம் பற்றிய செய்தியில் இது கேலிக்கூத்தாகிறது. அந்த மாநகராட்சி இரண்டு வகையில் பணம் வாங்குகிறது. இரவு தங்குபவர், ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று விடுதியில் கட்டுவது ஒன்று. 2024 ஏப்ரல் 25 முதல், தங்காமல் பகலில் வந்து திரும்புகிறவர் குறிப்பிட்ட நாள்களில் கட்டும் 5 யூரோ இன்னொன்று. 2025இல் கடைசி நேரத்தில் பதிபவருக்கு அது 10 யூரோ ஆனது. விடுதியில் தங்குபவருக்கு இரண்டாவதிலிருந்து விலக்கு உண்டு. அதற்கும் இணையத்தில் பதிந்து சீட்டு எடுத்து வைத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் 'சுற்றுலா வரி கட்டுபவர் சுற்றுலா வரி கட்ட வேண்டாம்' என்றல்லவா எழுத நேரும்?

'டூர்', கடைசல் கருவியைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. சுற்றும் உலாவும் சேர்ந்த நம் சொல் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. குறை சுற்றுலாவில் இல்லை, அதை இந்த வரியோடு ஒட்டியதில்தான்.

பிரான்சில் 1910இலேயே வந்த வரிக்குப் பெயர் 'தாக்ஸ் த செழூர்'. இத்தாலியில் 'இம்போஸ்தா தி சொஜ்ஜோர்னோ'. செழூர், சொஜ்ஜோர்னோ இரண்டுக்கும் பொருள் தங்கல். சுற்றிப் பார்க்க வந்தீரா, வியாபாரத்துக்கு வந்தீரா என்று பாரிஸ் விடுதியில் கேட்பதில்லை. தங்கினால் கட்ட வேண்டும். 'சுற்றுலா வரி' என்று படித்துவிட்டு வேலையாகப் போனவர், 'நான் சுற்றுலாப் பயணி இல்லையே' என்று வரவேற்பு மேசையில் வாதாடினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பெர்லினில் 2014 முதல் வேலைப் பயணத்துக்கு விலக்கு இருந்தது. 2024இல் அதுவும் போய்விட்டது.

'தங்குமிட வரி' என்பாரும் உண்டு. இடத்துக்கு வரி என்றால் நம் காதில் சொத்து வரிதான் ஒலிக்கும். பிரான்சில் சில ஊர்கள் தங்கிய ஆளை எண்ணாமல், எத்தனை பேர் தங்க இடமுண்டு என்று கணக்கிட்டு உரிமையாளரிடமே வாங்குகின்றன. அந்த முறைக்கு மட்டும் இச்சொல்லை விட்டுக்கொடுக்கலாம்.

ஆகவே 'தங்கல் வரி'. புதுச்சொல் போலத் தோன்றினால் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் திருத்தங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். திருமகள் தங்கிய ஊர் என்பது தலபுராணம். (ஏரியைக் குறிக்கும் தாங்கல் வேறு.) வெனிஸின் பகல் வசூலுக்கு 'நுழைவுக் கட்டணம்' போதும்.

'சுற்றுலா வருவாய்' படுத்தும் பாடு இன்னொன்று. விடுதிக்காரர் கல்லாவில் விழுவதையும் மாநகராட்சிக் கருவூலத்துக்குப் போவதையும் அந்த ஒரே தொடரில் திணிக்கிறார்கள். அறை வாடகை விடுதிக்குரியது. தங்கல் வரியை விடுதி வாங்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. பிரான்சில் அந்தப் பணத்தைப் பயணிகள் வருகையை வளர்க்கும் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்பது சட்டம்.