பாம்பு செட்டை கழற்றுவது எப்படி, சில நேரம் சிக்குவது ஏன்?

விறகுக் குவியலுக்குள்ளோ கிடுகு வேலியோரத்திலோ பாம்புச் செட்டையை ஒருமுறையாவது காணாத வீட்டுக்காரர் மட்டக்களப்பில் குறைவு. அடுத்த முறை கண்டால் உடனே தடியால் தூக்கி எறியாமல் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது உட்புறம் வெளியாகப் புரண்டிருக்கும். பாம்பு மூக்கை ஒரு கல்லிலோ மரப்பட்டையிலோ உரசி, உதட்டு விளிம்பில் பழைய தோலைக் கிளப்புகிறது. கிளம்பிய விளிம்பு எதிலாவது மாட்டியதும் முன்னே ஊர்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சொக்ஸை மேல்விளிம்பில் பிடித்து உருட்டிக் கழற்றுவது போல, தோல் புரண்டபடியே வால்நுனி வரை கழன்றுவிடும்.

இதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்கிறது. செட்டையின் தலைப்பக்கம் பாம்பு கழற்றத் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். காற்றோ கோழியோ புரட்டிப் போடாமல் இருந்தால், வால்நுனி காட்டும் திசையில்தான் பாம்பு போயிருக்கும். தலை காட்டும் பக்கம் போய்த் தேடுபவர்கள் நேர் எதிர்ப்பக்கம் தேடுகிறார்கள். நீளத்தைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. செதில்களுக்கு இடையே மடிந்து கிடந்த மெல்லிய தோலும் விரிந்துவிடுவதால் செட்டை எப்போதுமே அதன் சொந்தக்காரரை விட நீளம். நிறமும் அதில் பெரிதாக இருக்காது; நிறம் தரும் கலங்களில் பெரும்பாலானவை உள்தோலில் இருப்பதால் அவை பாம்போடு போய்விடும்.

நமக்கும் தோல் உதிர்கிறது. தினமும் துகள் துகளாக உதிர்வதால் நாம் கவனிப்பதில்லை. பாம்பின் உடலில் அந்த வேலை முழுத்தோலிலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அதன் மேற்தோலின் வெளிப்பகுதி கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் முடியும் கூட கெரற்றின்தான். பாம்பில் அது இரண்டு வகையாக அடுக்கப்பட்டிருக்கிறது: மேலே தேய்மானத்தைத் தாங்கும் விறைப்பான படை, கீழே வளைந்து கொடுக்கும், நீரை உள்ளே காக்கும் மென்மையான படை. இப்படி விறைத்த தோல் உடலோடு சேர்ந்து வளராது, கீறலும் தேய்வும் விழுந்தால் ஆறவும் ஆறாது. ஆகவே பழையதற்கு அடியிலேயே புதியதொன்றை முழுதாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் பாம்பு பழையதைக் கைவிடுகிறது. சில நாட்களுக்கு அது இரட்டைத் தோலோடு திரிகிறது என்று சொல்லலாம்.

பிரிப்பு வேலையை முடித்து வைப்பது ஈரம். இரண்டு தோல்களுக்கும் இடையே நிணநீர் கசிந்து மெல்லிய படலமாகப் பரவும். நொதியங்கள் இரண்டையும் ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தும். உடல் மங்கி, வயிறு வெளிறி, கண் பால்நீலமாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் மூடி இருக்கிறது. அந்த மூடியும் தோலின் ஒரு பகுதி என்பதால் அதற்கும் பழையது, புதியது என்று இரண்டு வந்து, நடுவில் திரவமும் தேங்குகிறது. பார்வை மங்கிய பாம்பு ஒளிந்தே கிடக்கும், இரையை மறுக்கும், தொட்டால் சட்டென்று சீறும். விறகு அள்ளும்போது இப்படி ஒன்று எதிர்ப்பட்டால், கண் தெரியாத கிழட்டுப் பாம்புதானே என்று நினைத்துக் கிட்டப் போய்விடாதீர்கள். சில நாட்களில் திரவம் குறைந்து கண் மறுபடி தெளியும். அதற்கு அடுத்த சில நாட்களில் செட்டை கழன்றுவிடும். குட்டிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை கழற்றும். வளர்ந்தவை ஆண்டுக்குச் சில தடவைகள்தான்.

கடற்பாம்புகளுக்கு இது வேறு மாதிரி. கல்லடியில் கரைவலை இழுப்பவர்கள் வலையில் அவ்வப்போது கடற்பாம்பைக் காண்பார்கள். மேலே ஒட்டும் பாசியையும் சிறு கடலுயிர்களையும் உதறுவதற்காக அவை நிலத்துப் பாம்புகளை விட அடிக்கடி செட்டை கழற்றுகின்றன. நடுக்கடலில் மூக்கை உரசக் கல்லுக்கு எங்கே போவது? மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு தன் உடலையே முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குள்ளால் தன்னை இழுத்துத் தோலை உரசிக் கழற்றுகிறது. ஈரம் போதாமல் போகும் கவலை அதற்கு இல்லை.

நிலத்துப் பாம்புக்கு அந்தக் கவலை உண்டு. ஆடி மாதத்துக் கச்சான் காற்றை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: மலை தாண்டி ஈரத்தை இழந்து வரும் அந்தக் காற்றில் நம் உதடே வெடித்துவிடுகிறது. அப்படிப்பட்ட வறட்சியில், இரண்டு தோல்களுக்கும் இடையிலான திரவம் வேலையை முடிக்கும் முன்பே காய்ந்தால் பழைய தோல் புதியதோடு ஒட்டிப்போகும். ஆனாலும் நம் வளவில் கிடைக்கும் செட்டைகள் பெரும்பாலும் முழுசாகவே இருக்கின்றன. காரணம் பாம்பு தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது. புற்றுக்குள், வேர் இடுக்கில், வாய்க்கால் ஓரத்துக் கல்லுக்கடியில் காற்று ஈரமாக இருக்கும். வெளியே கச்சான் சுழற்றியடித்தாலும் கறையான் புற்றின் உட்புறம் எளிதில் காய்வதில்லை. நாகதம்பிரான் கோயில் புற்றில் பாம்பு குடியிருப்பதற்கு எலியும் நிழலும் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு இந்தத் தெரிவு இல்லை. பாம்பை ஆசைக்கு வளர்ப்பது எங்கள் ஊர் வழக்கமல்ல. மலைப்பாம்பு போன்றவற்றைப் பிடித்து வைப்பதற்கு 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இடம் தராது. ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் மருமக்கள் பலரின் அறையில் இப்போது ஒரு போல் பைதனோ கோர்ன் ஸ்னேக்கோ இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டின் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடுவது உண்டு. பெட்டியின் வெப்ப விளக்கு மிச்சத்தையும் உறிஞ்சும். போல் பைதன் ஆபிரிக்காவில் வளைகளுக்குள் பகலைக் கழிக்கும் பாம்பு. அதற்கு 60 சதவீதமளவு ஈரப்பதன் வேண்டும், செட்டை கழற்றும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூட. கோர்ன் ஸ்னேக் 40 முதல் 60க்குள் சமாளித்துக்கொள்ளும். சரி, இதெல்லாம் கிடைக்காவிட்டால்? தோல் துண்டு துண்டாகக் கழன்று, முதுகில் காய்ந்த திட்டுகளாக ஒட்டி நிற்கும். “மாமா, இதுக்கு என்னவோ தோல் வருத்தம்” என்று வட்சப்பில் படம் வரும்.

முதலில் பார்க்க வேண்டியது ஈரப்பதன்மானி. மருந்துக் கடைக்குப் போவதெல்லாம் பிறகு. பெட்டிக்குள் ஒரு மூடிய டப்பா, அதன் பக்கத்தில் பாம்பு நுழைய ஒரு துளை, உள்ளே நனைத்துப் பிழிந்த மொஸ் எனும் நிலப்பாசி. வளர்ப்பவர்கள் இதை ஈரமறை என்கிறார்கள். செயற்கையாகச் செய்த புற்று என்றாலும் சரிதான். கண் நீலமாகும்போதே இதை வைத்துவிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் வராமலே போய்விடும். ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்தால், மூடியில் காற்றுத் துளையுள்ள ஒரு டப்பாவில் பாம்பின் உடல் மூழ்காத அளவுக்கு 28 முதல் 30 பாகை வெதுவெதுப்பான நீர் விட்டு, 20 நிமிடமளவு அதில் விடலாம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஈரத் துவாயின் மடிப்புகளுக்கு இடையே ஊர விட்டால் பழைய தோல் தானாக வழுகி வரும். வராவிட்டால் அடுத்த நாள் மறுபடி. நகத்தால் பிய்க்கக் கூடாது: அடியில் இருக்கும் தோல் இன்னும் இறுகாதது, கிழிந்தால் பற்றீரியா நுழையும்.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வால்நுனியில் வளையமாக நின்றுபோன தோல் காயக் காய இறுகி இரத்தோட்டத்தை அடைக்கும். அடுத்தடுத்த தடவைகளிலும் சேர்ந்தால் நுனி கறுத்து அழுகி விழுந்துவிடும். இதைத் தள்ளிப்போடாமல் ஊறவைத்து அகற்ற வேண்டும். கண்ணின் மேலுள்ள பழைய மூடி கழலாமல் நின்றுபோனால் அணுகுமுறை நேர்மாறு. சாமணத்தால் இழுத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். பழைய மூடியோடு புதியதும் கிழிந்தால் கண்ணே போய்விடும். ஈரத்தைச் சரிசெய்து அடுத்த முறைக்குக் காத்திருந்தாலே அநேகமாக இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். அப்போதும் நின்றால் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

ஈரப்பதன் சரியாக இருந்தும் சிக்குகிறதென்றால் வேறு காரணம் தேட வேண்டும். பழைய தீக்காயத் தழும்பு, நீர் குடிக்காமை, போதாத இரை என்று பல இருக்கலாம். அடிக்கடி தவறவிடப்படுவது சிற்றுண்ணி. குண்டூசித் தலையிலும் சிறிய இந்தக் கறுப்புப் பூச்சிகள் கண்ணைச் சுற்றியும் தாடைக்கடியிலும் கூடி இரத்தம் உறிஞ்சும். பாம்பு எந்நேரமும் தண்ணீர்ப் பாத்திரத்திலேயே கிடந்தால், அந்தத் தண்ணீரில் செத்துக் கிடக்கும் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஈரம் வேண்டும் என்று கேட்டவுடன் பெட்டியைச் சேறாக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நோய்தான். அழுக்கான நனைந்த படுக்கையில் நாள்கணக்காகக் கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளமாகி, பழுப்பாக அழுகும். அந்த நிலையில் ஊறவைப்பது இன்னும் கேடு. உலர்ந்த சுத்தமான விரிப்பும் வைத்தியரும் வேண்டும். ஈரம் காற்றிலும் ஈரமறையிலும் இருக்கட்டும், பாம்பு படுக்கும் தரை உலர்ந்திருக்கட்டும்.

ஒவ்வொரு முறை செட்டை கழன்றதும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். தலைப்பகுதியில் இரண்டு கண்மூடிகளும் தெளிவான சிறு வட்டங்களாகத் தெரிய வேண்டும், வால் கூராக மூடியபடி முடிய வேண்டும். வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை தெரிந்தால் அந்த மூடி இன்னும் பாம்பின் கண்ணிலேயே இருக்கிறது. அன்றைக்கே ஈரமறையின் பாசியை மறுபடி நனைத்து வைக்கலாம்.