தண்ணி கலந்துட்டீங்களா தம்பி?

இத்தாலில டூரின்ங்கிற ஊர்ல, ஒரு ரெஸ்டாரன்ட்ல ஒயின் பரிமாறுறதுதான் என் வேலை. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர், இங்க வேலை பாக்குற மகனைப் பாக்க வந்தவர், மெனுல விலை கூடுதலா இருந்த பரோலோங்கிற சிவப்பு ஒயின் பாட்டில் ஒண்ணு சொன்னார். ஊத்தினதும் கிளாஸைத் தூக்கி லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தார், அந்தப் பக்கம் இருந்த அவர் விரல் அப்படியே தெரியுது. "என்ன தம்பி, தண்ணி கலந்துட்டீங்களா?"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார், ஆனா பாதி சீரியஸ்.

"சார், ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னேன். குடிச்சார். வெறும் கொட்டைப்பாக்கை மென்ன மாதிரி முகம் சுருங்கிடுச்சு.

பரோலோ அப்படித்தான். அதுல போடுறது நெபியோலோங்கிற திராட்சை மட்டும்தான், வேற எதுவும் சேக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அந்தத் திராட்சைத் தோல்ல நிறம் கம்மி, துவர்ப்பு மட்டும் எக்கச்சக்கம். அதனாலதான் குறைஞ்சது 38 மாசம், அதுல 18 மாசம் மரப்பீப்பாய்ல, வச்சிருந்துதான் விக்க விடுவாங்க. டூரின் இருக்கிற இந்த பியமான்தே மாகாணத்துல, லாங்கே மலைச்சரிவுகள்ல 11 ஊர்ல விளையுறது மட்டும்தான் பரோலோ. நெபியோலோ சீக்கிரமா துளிர்விட்டு ரொம்ப லேட்டா பழுக்கும், அறுவடை அக்டோபருக்குப் போயிடும், அப்ப பள்ளத்தாக்கு பூரா பனிமூட்டம், இத்தாலியன்ல பனிமூட்டத்துக்கு நெபியா, அந்தப் பேர்தான் திராட்சைக்கு ஒட்டிக்கிச்சுன்னு சொல்வாங்க. வெயில் நல்லா விழுற தெக்கு பாத்த சரிவுல நட்டாதான் ஒழுங்கா பழுக்கும், மத்த பக்கத்துல பார்பெரா, தொல்செத்தோங்கிற வேற திராட்சைகளை நடுவாங்க.

இதே திராட்சையில பக்கத்துலயே பார்பரெஸ்கோ இருக்கு, அதுக்கு 26 மாசம் போதும். லாங்கே நெபியோலோன்னு எழுதின பாட்டில் இன்னும் விலை கம்மி. முதல் தடவை குடிக்கிறவங்க நேரா பரோலோவுக்குப் போய் காசைக் கரியாக்க வேணாம்னு நான் சொல்லாத நாளே இல்ல, ஓனருக்குத்தான் அது பிடிக்காது.

இங்க வர்றவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அது லேபிள். சில லேபிள்ல இருக்கிற பேர் திராட்சையோடது, சிலதுல ஊரோடது. மோன்தெபுல்சியானோ ரெண்டாவும் இருக்கு! 'வினோ நொபிலே தி மோன்தெபுல்சியானோ'ன்னா டஸ்கனில இருக்கிற மோன்தெபுல்சியானோங்கிற ஊர், உள்ள இருக்கிறது பெரும்பாலும் சான்ஜொவேசே திராட்சை. 'மோன்தெபுல்சியானோ த அப்ரூட்ஸோ'ன்னா அப்ரூட்ஸோ மாகாணம், மோன்தெபுல்சியானோங்கிற வேற திராட்சை. ஒண்ணைக் குடிச்சு பிடிச்சுப்போய் அடுத்த தடவை இன்னொண்ணை வாங்கிட்டு, "போன தடவை மாதிரி இல்லையே, ஏமாத்திட்டீங்க"ன்னு சண்டைக்கு வந்தவங்களை நான் பாத்திருக்கேன். ப்ரொசெக்கோங்கிற நுரைக்கிற வெள்ளை ஒயினோட கதை இன்னும் வேடிக்கை. அது திராட்சையோட பேராவே இருந்துச்சு, மத்த நாட்டுக்காரங்க அந்தத் திராட்சையை நட்டு அதே பேர்ல விக்கக்கூடாதுன்னு 2009ல திராட்சைக்கு க்ளேராங்கிற பேரைக் கொடுத்து, ப்ரொசெக்கோவை ஊர்ப்பேரா ஆக்கிட்டாங்க.

கழுத்துல மூடிக்கு மேல ஒட்டியிருக்கிற பேப்பர் பட்டையையும் பாருங்க. டிஓசிஜின்னு சொல்ற, இத்தாலி ஒயின்ல உச்ச தரம்னா, அரசாங்க அச்சகத்துல இருந்து வர்ற நம்பர் போட்ட பட்டை அது. ருசிக்கு கேரண்டி கிடையாது, ஆனா அந்த ஒயின் பரிசோதனை தாண்டி வந்திருக்குன்னு அர்த்தம். 1986ல இதே பியமான்தே பக்கம் மலிவு ஒயின்ல ஆல்கஹால் ஏத்திக் காட்ட மெத்தனால் கலந்து 20 பேருக்கு மேல செத்தாங்க, சில பேருக்கு கண்ணு போச்சு. கட்டுப்பாடெல்லாம் இறுகினது அதுக்கப்புறம்தான். இன்னமும் லேபிள் இல்லாத பாட்டிலை யாராவது "வீட்டுல செஞ்சது"ன்னு நீட்டினா நான் தொடமாட்டேன்.

நிறத்தையோ ருசியையோ வச்சு போதையை எடை போடுறதும் தப்பு. வெரோனா பக்கம் வால்பொலிசெல்லாவுல அமரோனேன்னு ஒண்ணு செய்வாங்க. கொர்வீனா திராட்சைக் கொத்துகளை பரண் மாதிரி காத்தோட்டமான இடத்துல மூணு நாலு மாசம் தட்டுல பரப்பி வைப்பாங்க, தண்ணி வத்தி எடை மூணுல ஒரு பங்குக்கு மேலயே குறைஞ்சு பழம் கிஸ்மிஸ் மாதிரி ஆனப்புறம்தான் பிழியறது. சர்க்கரை செறிவாயிடுறதால ஆல்கஹால் 15, 16 சதவீதம் வரும், ஆனா வாயில வழுவழுன்னு இனிக்கிற மாதிரியே இருக்கும், குடிக்கிறவங்களுக்குத் தெரியாது. மொஸ்காத்தோ த அஸ்திங்கிற இனிப்பு ஒயின் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒரே சைஸ் கிளாஸ், ஆனா ஒரு அமரோனே மூணு மொஸ்காத்தோவுக்கு சமம். லேபிள் ஓரத்துல பொடி எழுத்துல அந்த நம்பர் இருக்கும், விலையைப் பாக்குறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. இத்தாலில வண்டி ஓட்டுறவங்களுக்கு ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம் வரைக்கும்தான், லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆகலேன்னா பூஜ்யம்.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒரு விஷயம், ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீன் சவ்வோ சில இடங்கள்ல போடுவாங்க. முட்டை மிச்சம் இருந்தா லேபிள்ல எழுதணும், மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. 'வீகன்'னு போட்டிருக்கிறதா பாத்து வாங்குங்க.

அந்தப் பெரியவர் கதைக்கு வர்றேன். ஒரு மணி நேரம் ஆச்சு, பாலாடைக்கட்டி போட்ட ரிசோத்தோங்கிற இத்தாலியன் சோத்தை ஒரு வாய் சாப்பிட்டுட்டு மறுபடி குடிச்சார், இந்தத் தடவை முகம் சுருங்கல. "இப்ப பரவால்ல தம்பி, துவர்ப்பு அடங்கிருச்சு"ன்னார். மகன் ஒரு வாய்கூட குடிக்கல, லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்தானாம். பாதி பாட்டில் மிச்சம். மறுபடி கார்க் போட்டு பேப்பர் பையில சுத்திக் கொடுத்தேன், "ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்கு குடிங்க சார், இன்னும் நல்லாருக்கும்"னு சொல்லி.