மூட்டில் எழுதப்படும் சர்க்கரைக் கணக்கு

கும்பிடுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் அடி முதல் நுனி வரை இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா? பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஒட்டாது, நடுவில் சந்து விழும். பெரிதாக வலிக்காது என்பதால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். மருத்துவர்கள் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்ப்பதுண்டு.

சுகர் என்றதும் கண், சிறுநீரகம், பாதம் என்று கவலைப்படுகிறோம். மூட்டு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் சர்க்கரையின் கணக்கை உடம்பில் அழியாமல் எழுதி வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

ரொட்டி சுடும்போது மேல்பக்கம் பழுப்பேறுகிறதே, அது சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டுவதால் நடப்பது. 1912இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்த வினையை விவரித்தார். நம் உடம்பின் 37 டிகிரியிலும் இது நடக்கிறது, மிக மிக மெதுவாக. நொதி எதுவும் தேவையில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் கூடக்கூட, ஒட்டுவதும் கூடும். எச்பிஏ1சி பரிசோதனை அளப்பதும் இதைத்தான்: ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழியும்போது ஒட்டிய சர்க்கரையும் கூடவே போய்விடும். அதனால்தான் அந்த எண் இரண்டு மூன்று மாதக் கதையை மட்டும் சொல்கிறது.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு அப்படி இல்லை. அதைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற நார்ப்புரதம். தோலில் உள்ள கொலாஜனில் பாதி புதிதாக மாற ஏறக்குறைய 15 வருடம் ஆகும். குருத்தெலும்பில் அதற்கு 100 வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது, இளமையில் அமைந்த நார்தான் கடைசி வரைக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை மெல்ல உருமாறி, பக்கத்து நார்களைக் குறுக்கே பிணைத்துவிடும். வளைந்துகொடுக்க வேண்டியது விறைத்து, எளிதில் விரிசல் விடும். வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் இப்படித்தான் ஆகிறது. வெள்ளையாக இருந்த குருத்தெலும்பு மஞ்சளிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். சர்க்கரை கூடினால் இந்த வேலை வேகமெடுக்கும். போதாததற்கு, இந்த உருமாறிய பொருட்கள் செல்களையும் உசுப்பிவிட்டு, கொலாஜனை அரிக்கும் நொதிகளைச் சுரக்க வைக்கின்றன.

சரி, உடல் எடை கூடியதால் முழங்கால் தேய்கிறது, இதில் சர்க்கரைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எடை பெரிய காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் உடல் பருத்தவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளும் அதிகம் தேய்கின்றன. விரலா உடம்பைச் சுமக்கிறது? எடையைக் கழித்துவிட்டால் சர்க்கரையின் தனிப் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

தோள்பட்டையில் அந்த இழுபறி இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, கையைத் தூக்கவே முடியாமல் போகும் 'உறைந்த தோள்பட்டை' பொதுவாக நூற்றில் 2 முதல் 5 பேருக்கு வரும். சர்க்கரை நோயாளிகளில் 10 முதல் 20 பேருக்கு. விரலை மடக்கினால் மாட்டிக்கொண்டு 'டக்' என்று விடுபடும் தொல்லையும் இவர்களுக்கு அதிகம்.

பாதத்தில் நடப்பது வேறு விஷயம். அங்கே நரம்பு மரத்துப்போவதால், எலும்பில் விரிசல் விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். மூட்டு நொறுங்கி, பாதத்தின் வடிவமே மாறிவிடும். நாள்பட்ட சுகர் உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், மூட்டு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. போட்ட சில நாட்களுக்கு அது ரத்தச் சர்க்கரையை நன்றாகவே ஏற்றிவிடும். ஊசி போடுபவரிடம் சுகர் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பாருங்கள்.