குகை வீட்டை உலர வைப்பது எது?

வட சீனத்தின் மஞ்சள் மண் மேட்டுநிலத்தில், மலைச்சரிவுகளைக் குடைந்து அமைத்த யாவோடொங் எனும் குகை வீடுகள் பல இப்போது கிராமியச் சுற்றுலா விடுதிகளாகியுள்ளன. கச்சான் காற்றில் காயும் திருகோணமலை மக்களுக்கு, மின்விசிறி இல்லாமலே அவை எப்படிக் குளிர்கின்றன என்று அறியும் ஆவல் எழுவது இயல்பே.

மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். உலர்மண்ணில் 3 மீற்றர் ஆழத்துக்குக் கோடை வெப்பம் இறங்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும். அதன் ஏற்ற இறக்கமும் அதற்குள் கால்வாசியாகச் சுருங்கிவிடும். ஆகவே குகைச் சுவர் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கிறது. அந்த மேட்டுநிலத்திலுள்ள யான்ஆன் நகரில் அது 10 பாகை செல்சியஸ் அளவு. திருகோணமலையில் ஏறத்தாழ 28 பாகை. திருகோணமலையை அடுத்த நிலாவெளியில் அப்படி ஒரு விடுதி குடைந்தால் உச்சி வெயில் தணியுமே தவிர, குளிர் கிடைக்காது.

யாவோடொங்கின் அந்தக் குளிர்ச்சியே ஈரத்தையும் வரவழைக்கிறது. கோடையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராவி ஒடுங்கித் துளியாகும். குடும்பம் வாழ்ந்தவரை, அடுப்புப் புகை காங் எனப்படும் படுக்கை மேடையின் அடியால் ஓடிப் புகைபோக்கியால் வெளியேறியது. அந்தச் சூடு சுவரை உலர்த்தியது, புகைபோக்கியின் இழுப்பு உள்காற்றை மாற்றியது. ஆட்கள் நகரத்துக்குப் போய் அடுப்பு அணைந்ததும் ஈரம் தங்கிவிடுகிறது. கூரைமண்ணில் முளைத்த செடிகளின் வேர் வழியே மழைநீரும் இறங்க, மண்துகள்களைப் பிணைத்திருந்த களிமண் இளகி, வளைவிலிருந்து பொருக்குப் பொருக்காக மண் கழன்று விழுகிறது. வெடிப்பை மறைக்கச் சீமெந்து பூசுவது பெருந்தவறு. உள்ளே ஊறிய ஈரம் வெளியேற வழியின்றி அந்தப் பூச்சையே மண்ணோடு பெயர்த்துவிடும். களியும் வைக்கோலும் குழைத்த பழைய பூச்சு ஈரத்தை வெளியே விடும்.

விருந்தினர் வருகையின் உண்மையான பயன், அடுப்பு மறுபடி எரிவதும் கூரைச் செடிகள் பிடுங்கப்படுவதுமே. அதனால், வீட்டுக்காரர் ஓர் அறையிலேனும் ஆண்டு முழுவதும் வாழும் ஏற்பாடே சிறந்தது என்பேன். இத்தாலியின் மத்தேராவில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் மக்கள் வெளியேற்றப்பட்ட குகை வீடுகள், 1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. பல விடுதிகளாகித் தப்பின. பழைய அயலவர் மட்டும் திரும்பவில்லை.

நமது கிழக்கு மாகாணப் பாறைக்குகைகளின் நெற்றியில் துறவிகளுக்காக வெட்டிய நீர்வடி விளிம்பு, பாறையில் வழியும் மாரிமழையை உள்ளே விடாமல் வாசலுக்கு வெளியே சொட்ட வைக்கிறது. அவற்றை விடுதிகளாக்க வேண்டியதில்லை. அந்த விளிம்பை வேரும் மண்ணும் மூடாதபடி மாரிக்கு முன்னர் துப்புரவாக்கும் பணியைத் தொல்பொருள் திணைக்களத்தின் மேற்பார்வையில், வழிகாட்டிகளாக நிற்கும் அயற்கிராமத்து இளைஞர்களுக்கே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம்.