கால்குலஸ்: பெயரில் சுண்ணாம்பு, கல்லில் இருக்கிறதா?

கீழ்ப்பாக்கத்தில் ஸ்கேன் எடுத்துத் திரும்பிய நண்பரின் அறிக்கையில் ஒரே ஒரு வரி: இடது ரீனல் கால்குலஸ், 8 மி.மீ. சிறுநீரகக் கல்லைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். பிளஸ் டூ கணக்கில் கால்குலஸ் படிக்கும் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் கால்குலஸா அப்பா?" என்று கேட்டிருக்கிறாள். கேள்வியில் தவறில்லை. இரண்டும் ஒரே சொல்தான்.

லத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்புக்கல். அதன் குறுமை வடிவம் 'கால்குலஸ்', அதாவது சிறுகல். நம் ஊரில் புளியங்கொட்டையும் சோழியும் வைத்து எண்ணியதுபோல் ரோமானியர்கள் சிறுகற்களை வைத்து எண்ணினார்கள், கல் கணக்காயிற்று. உடலுக்குள் விளையும் கல்லுக்கும் மருத்துவர்கள் அதே பெயரை வைத்தார்கள். 1808இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த உலோகத்துக்குக் கால்சியம் என்று பெயர் வந்ததும் இந்தக் கால்க்ஸிலிருந்துதான்.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கற்கள் என்பதால் பெயர் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் யூரிக் அமிலக் கல்லில் கால்சியம் கிடையாது. கரி, நீரகம் (ஹைட்ரஜன்), வெடியம் (நைட்ரஜன்), உயிரகம் (ஆக்சிஜன்) ஆகிய இலேசான தனிமங்கள் மட்டுமே. சாதாரண எக்ஸ்ரேயில் அது தென்படாமல் நழுவுவதும் அதனால்தான்.

உடலைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனில் தென்படும். நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று அடர்த்தியை அளக்கும் அலகு, சி.டி.யை உருவாக்கி 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது. யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500க்குள் நிற்கும். கெட்டியான கால்சியம் ஆக்சலேட் 1000ஐத் தாண்டும். இடைப்பட்ட எண் வந்தால் சிக்கல். கல் சிறியதாக இருந்தாலும் சிக்கல்தான், சுற்றியுள்ள திசுவோடு கலந்து எண் இறங்கிவிடும்.

இங்கேதான் 'டூயல் எனர்ஜி சி.டி.' உதவுகிறது. ஒரே கல்லை, 80, 140 கிலோவோல்ட் போன்ற இரண்டு மின்னழுத்தங்களில் பிறந்த கதிர்களால் பார்க்கிறார்கள். தாழ்ந்த ஆற்றல் கதிரைக் கால்சியம் போன்ற கனத்த அணுக்கள் அதிகமாக விழுங்கும். ஆகவே கால்சியம் கல்லின் எண் 80இல் வெகுவாக ஏறும். யூரிக் அமிலக் கல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். அந்த விகிதத்தைக் கொண்டு கணினி, பொதுவாக யூரிக் அமிலத்துக்குச் சிவப்பும் மற்றவற்றுக்கு நீலமும் பூசிக் காட்டுகிறது. கலப்புக் கற்களிலும் மிகச் சிறிய கற்களிலும் தடுமாறும். ஆனாலும் யூரிக் அமிலமா இல்லையா என்பதற்கு நல்ல பதில் கிடைக்கிறது. யூரிக் அமிலக் கல்லை, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் அதற்கெல்லாம் மசியாது. கல் என்ற பேச்சை எடுத்தாலே வாழைத்தண்டுச் சாறு நீட்டும் சென்னை வீடுகளில், எந்தக் கல் என்று யாரும் கேட்பதில்லை!

தமிழில் எப்படிச் சொல்வது? 'கல்லடைப்பு' பழைய, அழகான சொல். ஆனால் அது அடைப்பைச் சொல்கிறது. சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் கல் எதையும் அடைக்கவில்லையே. 'சிறுநீரகக் கல்' என்பதே நேர்ச்சொல். 'டூயல் எனர்ஜி'க்கு 'ஈராற்றல்' என்று புணர்த்தலாம், இலக்கணம் இடம் தரும். காதில் ஈர ஆற்றல் என்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில் 'இரட்டை ஆற்றல்' என்றே எழுதுகிறேன். கல்லின் 'காம்போசிஷன்'? பாடநூல்கள் 'இயைபு' என்கின்றன; யாப்பு படித்தவருக்கு, செய்யுளில் அடிகளின் முடிவு ஒத்துவரும் இயைபுத் தொடைதான் நினைவுக்கு வரும். மருந்துக்கும் மசாலாவுக்கும் நாம் சொல்லும் 'சேர்மானம்' போதும்.

மகளின் கணக்குக்குத் தமிழ்ப் பாடநூலில் 'நுண்கணிதம்' என்ற தனிச்சொல் இருக்கிறது. இரட்டை ஆற்றல் சி.டி.யில் சிவப்பாக வந்த அப்பாவின் கல்லுக்கு நான் எழுதிக்கொடுத்த வரி: இடது சிறுநீரகக் கல், 8 மி.மீ., சேர்மானம் யூரிக் அமிலம்.