நின்றால் உதறும் கார்: பாகம் மாற்றுவதற்கு முன்

"ஓடும்போது நன்றாகத்தான் இருக்கிறது, நிறுத்தினால்தான் உதறுகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது." பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி சொல்லும் புகார் இது. கூடவே ஒரு பட்டியலும் வரும்: பிளக் மாற்றியாச்சு, ஃபில்டர் மாற்றியாச்சு, பெட்ரோல் பம்பும் மாற்றியாச்சு. உதறல் மட்டும் அப்படியே இருக்கும்.

நான் பானெட்டைத் திறப்பதற்கு முன் எப்போது உதறுகிறது என்றுதான் கேட்பேன். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) மாறினால், மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரையும் அதற்குப் போகும் ஹோஸையும் பார்க்க வேண்டும். ஏசி போட்டதும் ஆஃப் ஆனால், கூடும் சுமைக்கு ஏற்ப காற்றைக் கூட்டித் தரவேண்டிய ஐடில் கண்ட்ரோல் வால்வு வேலை செய்யாமல் இருக்கலாம். நன்றாகச் சூடேறியதும் நின்று, ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் என் முதல் சந்தேகம், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான்.

பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது காற்றுக் கசிவு. ஐடிலிங்கில், காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்று மிகக் கொஞ்சம். வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக நுழையும் காற்று அந்தக் கொஞ்சத்தில் பெரிய பங்கு. வேகமாக ஓடும்போது அதே கசிவு கணக்கிலேயே வராது. ஓடினால் சரி, நின்றால் உதறல் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனர் போட்டு ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 20 சதவீதம் போல ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் கசிவைத் தேடலாம். சுமை கூடக்கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் வரத்தில் குறை இருக்கலாம். கசிவைப் பிடிக்க, சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தீப்பற்றும் பொருள். புகை விட்டுப் பார்க்கும் சோதனையே எனக்குப் பிடித்தது; கசியும் இடம் கண்ணுக்கே தெரியும்.

த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அதற்குப் பிறகு ஐடிலிங் ஏறி நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். சில வண்டிகளில் கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். "ஐடிலிங்கைக் கொஞ்சம் தூக்கி விடுங்க" என்று ஸ்க்ரூவைத் திருகச் சொல்வதைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை. உதறல் மறையும், கோளாறு உள்ளேயே இருக்கும்.

அப்புறம் மிஸ்ஃபயர். பி0303 என்று கோட் வந்தால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும், பிளக்குக்கு மின்சாரம் தரும் தனிக் காயில் இருந்தால், அந்தக் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோடும் பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. புதிது வாங்காமலே தெரிந்துவிடும். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு). வால்வு சரியாக மூடாத சிலிண்டருக்கு எத்தனை புதுப் பிளக் போட்டும் பயனில்லை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

ஒருவேளை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆனால், ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (வெற்றிடம்) ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி, ஹஸார்ட் விளக்கைப் போட்டு ஓரமாக நிறுத்துங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை உருவ வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.